மேனுவலைப் பார்

கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டும் மனிதர் வாயைத் திறக்கவில்லை.

அவள் மடிக்கணினியை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் காலையிலிருந்து ஒரே ரகளை. ரத்தப் பரிசோதனை முடிவுகளில் சில, வார்டுக்குப் போய்ச் சேராமல் நடுவழியிலேயே காணாமல் போய்க்கொண்டிருந்தன. முடிவு வராதவர்களிடம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். குத்திய கையிலேயே குத்தினால் யாருக்குத்தான் பொறுக்கும்? குழந்தைகள் வார்டில் அழுகை ஓயவில்லை.

முடிவுகளை அனுப்பும் புரோகிராமை எழுதியவர் இவர்தான். நீண்ட விடுப்பில் இருக்கிறார் என்று மட்டும் மேலாளர் சொல்லியிருந்தார். அவள் வேலைக்குச் சேர்ந்ததே இவர் விடுப்பில் போன பிறகுதான். அவர் வீடு தேடி வந்து நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

ஆனால் பட்டப்பெயர் தெரியும். மேனுவல் சார். மேனுவல் என்றால் கட்டளைகளுக்கான விளக்கக் கையேடு. யார் எதைக் கேட்டாலும் "மேனுவலைப் பாரு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாராம். சாப்பிடப் போகலாமா என்று கேட்டாலும் அதேதான் வரும் என்று ஆய்வகத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

கதவைத் திறந்துவிட்ட அவருடைய மனைவியாவது ஒத்தாசைக்கு வருவார் என்று பார்த்தால், "எதுவா இருந்தாலும் அவர்கிட்டயே கேளும்மா. அவசரப்படாம கேளு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

"சார், மெஷின் ஒரே முடிவ ரெண்டு தடவ அனுப்பினா, ஒண்ண நீக்குற வரி இது. அது வரைக்கும் புரியுது. பக்கத்துல எட்டுன்னு போட்டிருக்கீங்களே, அது எதுக்கு?"

அவர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும் என்று அவள் மனசுக்குள் பொருமினாள்.

இணையத்தில் தேடிக்கொள்ளலாம் என்று கைபேசியை எடுக்கப் போனாள். அவர் சட்டென்று இடது கையை அதன் மேல் வைத்து மூடினார். மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஒற்றைக் கையால்தான் தட்டினார். வலது கை மடியிலேயே கிடந்தது. இவளுக்கு இது போதும் என்பதுபோல. எவ்வளவு அலட்சியம்!

அந்த வரியிலிருந்த கட்டளையின் பெயர் மேல் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு விசையைத் தட்டினார். திரை இரண்டாகப் பிரிந்தது. மேலே புரோகிராம் அப்படியே இருக்க, கீழே அந்தக் கட்டளையின் மேனுவல் விரிந்தது.

அவள் அசந்துபோனாள். புரோகிராம் எழுதும் இதே எடிட்டரில்தான் அவளும் அன்றாடம் வேலை செய்கிறாள். ஒரு சந்தேகம் வந்தால் வெளியே போய் இணையத்தில் தேடி, காட்டில் விட்ட மாதிரி அலைவாள். எடிட்டருக்குள்ளேயே மேனுவல் இருக்கிறது என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

தேடுவதற்கான விசை. பிறகு ஒரே ஓர் எழுத்து. பக்கம் தாவிப்போய்ச் சரியான வரியில் நின்றது. கண்ணைக் கட்டிவிட்டாலும் சொந்த வீட்டுக்குள் நடப்பவன் மாதிரி விரல்கள் போயின.

அவர் அந்த வரிக்குக் கீழே விரலை வைத்தார்.

"வரியில்…" என்று ஆரம்பித்து நிறுத்தினார். உதடு மட்டும் அசைந்தது. "இத்தனை… எழுத்துக்கு… மேல்… ஒப்… ஒப்பிடாது."

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல எழுத்துக் கூட்டிப் படித்தார். அவளுக்குக் காது மடல் சூடேறியது. எனக்குப் படிக்கத் தெரியாதென்றா நினைத்துக்கொண்டார்?

அடுத்த நொடியே கோபம் பறந்தது.

எட்டு எழுத்து! ஒவ்வொரு வரியும் நோயாளியின் எண்ணில்தான் தொடங்கும். அந்த எண்ணில் இன்று காலையிலிருந்து ஓர் இலக்கம் கூடிவிட்டது. புரோகிராம் பழையபடி எட்டோடு நிறுத்திக்கொள்கிறது. கடைசி இலக்கம் மட்டும் வேறான அடுத்தடுத்த நோயாளிகள் எல்லாரும் அதற்கு ஒரே ஆள். ஒருவருடைய முடிவை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தூக்கிப் போட்டுவிடுகிறது.

ஆய்வகத்தைக் கைபேசியில் கூப்பிட்டு, எட்டை ஒன்பதாக்கச் சொன்னாள். அழைப்பைத் துண்டிக்காமல் காத்திருந்தாள்.

"வருது, வருது!" என்று அந்தப் பக்கம் யாரோ கத்தினார்கள்.

நன்றி சொல்லத் திரும்பியபோது, மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையிலிருந்து சோப்பு நுரை தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மா அதைக் கவனிக்கவே இல்லை.

"இப்ப படிச்சது அவரா?"

"ஆமாங்க."

மனைவி கணவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நுரைக் கையைப் புடவையில் துடைத்தபடியே சொன்னார்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்த நாளிலிருந்து அவருக்கு ஒரு சொல் வந்ததில்லை. ஓர் எழுத்தைக்கூட அடையாளம் தெரிந்ததில்லை. பேச்சுப் பயிற்சிக்கு வருகிறவர் பூனைப் படத்தையும் பந்துப் படத்தையும் காட்டிக் காட்டி ஓய்ந்துவிட்டார்.

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "வந்தவுடனே சொல்லியிருக்கலாமே, அக்கா."

"சொல்லியிருந்தா நீ அவர்கிட்ட கேட்டிருக்கவே மாட்டியேம்மா. வர்றவங்க எல்லாரும் அவர் முன்னாடியே என்கிட்டதான் பேசுறாங்க. அவர்கிட்ட ஒரு கேள்வின்னு வந்தது நீ மட்டும்தான்."

அவர் இவர்கள் பேச்சைக் காதில் வாங்கவில்லை. விரல் அடுத்த வரிக்கு நகர்ந்திருந்தது. உதடுகள் எதையோ தேடித் தேடிக் கூட்டிக்கொண்டிருந்தன.

"நாளைக்கும் வர்றியா?" என்றார் மனைவி.

அவள் நாற்காலியை அவருக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். திரையின் மேல் பாதியில் புரோகிராமை முதல் வரிக்குக் கொண்டுபோய், தனக்குப் புரியாத இடங்களைத் தேட ஆரம்பித்தாள்.

நல்ல வேளை, நிறைய இருந்தன.