ஃபாரத்துல இல்லாத அறிகுறி

"டிஸ்சார்ஜை எதுக்கு நிறுத்தினீங்க, சிஸ்டர்?"

வேணு போட்ட அதட்டலுக்கு நர்ஸ் அம்சவேணி பயப்படவே இல்லை. அதுதான் அவருக்கு எரிச்சல்.

துவாரகாவுல ஒரு தனியார் ஆஸ்பத்திரி. யார் என்ன செஞ்சாலும் "ஆதாரம் காட்டுங்க"ன்னு கேக்கறதுதான் அங்க நிர்வாக அதிகாரியான வேணுவோட உத்தியோகம். ஆறு வருஷமா கேட்டுக் கேட்டு, ரசத்துல உப்பு கம்மின்னு பொண்டாட்டி சொன்னாக்கூட ஆதாரம் கேக்கற நிலைமைக்கு வந்துட்டார்.

"பன்னிரண்டாம் பெட் ராமச்சந்திரன் சார் சரியில்லை, சார்."

"பிரஷர்?"

"நார்மல்."

"ஜுரம்?"

"இல்லை."

"அப்புறம் என்னதான் சரியில்லை?"

"காலைல டீ குடுத்தேன். 'தேங்க்ஸ்மா'ன்னார்."

வேணு பேனாவைக் கீழே வச்சார். "தேங்க்ஸ் சொல்றது எப்ப நோயாச்சு?"

"எட்டு நாளா இங்க இருக்கார் சார். தினமும் 'இது டீயா, பாத்திரம் கழுவின தண்ணியா'ன்னு திட்டுவார். ஒருநாள் கப்பையே வீசினார். அப்பேர்ப்பட்ட மனுஷன் தேங்க்ஸ் சொல்றார்னா உள்ள ஏதோ கோளாறு. டாக்டர்கிட்ட போன்ல ஆள் சரியில்லைன்னு மட்டும் சொல்லி, ரத்தம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன்."

"இதை நான் எந்தக் கட்டத்துல எழுதறது? ஃபாரத்துல டீக்கெல்லாம் இடமே இல்லை. கீழ நாலு பேர் பெட்டுக்குக் காத்திருக்காங்க. அவர் பொண்ணு வாசல்ல காரை நிறுத்திட்டு 'ஜல்தி, ஜல்தி'ன்னு அவசரப்படுத்திக் கத்தறா."

"அவ கத்தட்டும் சார். அவ அப்பா கத்தலையே, அதான் கவலை."

வேணு விடுவிடுன்னு தன் ரூமுக்குப் போய் மெமோ டைப் பண்ணார். 'ஆதாரமின்றி டிஸ்சார்ஜைத் தாமதப்படுத்தியது.' அம்சவேணிக்கு ஏற்கெனவே ரெண்டு மெமோ. மூணாவதுன்னா வேலை போயிடும். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டார்.

மெமோவை எடுத்துக்கிட்டு வார்டுக்கு வந்தா, பன்னிரண்டாம் பெட் பக்கத்துல டாக்டர் நிக்கறார்.

"ரத்தத்துல சோடியம், அதான் உப்புச்சத்து, மளமளன்னு இறங்கியிருக்கு, வேணு. வீட்டுக்கு அனுப்பியிருந்தா சாயங்காலத்துக்குள்ள நினைவு தப்பியிருக்கும். சிஸ்டர் எதை வச்சுக் கண்டுபிடிச்சாங்க?"

வேணு மெமோவை நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டார். "டீயை வச்சு, சார்"ன்னார்.

மூணாம் நாள் காலைல பன்னிரண்டாம் பெட்லேர்ந்து ஒரே சத்தம். "ஏம்மா, இது டீயா? மனுஷன் குடிப்பானா இதை?"

அம்சவேணி முகத்துல அப்படி ஒரு நிம்மதி.

வேணு மூணு நாளா பையிலேயே வச்சுக்கிட்டுத் திரிஞ்ச மெமோவை எடுத்து, அவங்க கண்ணெதிர்லயே கிழிச்சார். துண்டுகளைக் குப்பைக்கூடைல போட்டுட்டு, "தேங்க்ஸ், சிஸ்டர்"ன்னார்.

அம்சவேணி அவரை ஏற இறங்கப் பார்த்துட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டாங்க.

"உக்காருங்க சார். உங்களுக்கும் ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்."