எட்டு வட்டம்

செங்கம்மாள் நாலே நிமிஷத்தில் பாஸாகிவிட்டாள். சம்பளத்துக்குக் கைநாட்டு வைக்கிற கேன்டீன்காரி, கம்பி ஆலையின் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்டினால் யார்தான் வாயைப் பிளக்க மாட்டார்கள்?

புதுத் திரையைச் செய்த இன்ஜினியர் சத்யாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. படிக்காதவர்களும் ஓட்ட வேண்டும் என்று எழுத்தையெல்லாம் எடுத்துவிட்டிருந்தாள். அதைக் காட்டத்தான் செங்கம்மாளை முதலில் உட்கார வைத்தது. எட்டு மிஷினுக்கு எட்டு வட்டம். நன்றாக ஓடினால் பச்சை, கோளாறு வந்தால் சிவப்பு. வட்டத்தைத் தொட்டால் அந்த மிஷின் நின்றுவிடும். சிவப்பை மட்டும் தொட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து துளசிராமன். இருபத்திரண்டு வருஷமாக இதே நாற்காலி. இன்று தேறாவிட்டால் திங்கட்கிழமை முதல் யார்டில் லோடு ஏற்ற வேண்டியதுதான் என்று மேனேஜர் வசந்தகுமார் காலையிலேயே சொல்லிவிட்டார். இடுப்புவலிக்காரருக்கு லோடு வேலை என்றால், வீட்டுக்குப் போ என்றுதான் அர்த்தம்.

"பழையபடி எழுத்தையே போட்டுடும்மா. இங்கிலீஷா இருந்தாலும் படிச்சிக்கிறேன்" என்று சத்யாவிடம் கெஞ்சினார். புதுசு என்றால் முதலில் அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிவிடும் என்று அவள் தேற்றினாள்.

"அவரு எதுலயும் அப்படித்தாம்மா. கேன்டீனுக்குத் தக்காளி வாங்கினு வரச் சொல்லி புதுவாயல் சந்தைக்கு அனுப்பினா, ஒரு கூடை காயா வாங்கினு வந்த ஆளு" என்றாள் செங்கம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். துளசிராமனும் சிரித்து வைத்தார்.

சோதனை ஆரம்பித்தது. ஒரு வட்டத்தைத் தொட்டார். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மிஷின் நின்றது. இன்னொன்றைத் தொட்டார், அதுவும் போச்சு.

இத்தனை வருஷம் இந்தச் சீட்டில் தூங்கினாயா என்று மேனேஜர் கத்தினார். யார்டுக்கு மாற்றுகிற தாளை மேஜையில் வைத்துப் பேனாவைத் திறந்தார். துளசிராமன் அந்தத் தாளைப் பார்த்தார். சொன்னாலும் வேலை போகும், சொல்லாவிட்டாலும் போகும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கட்டிக் காத்த ரகசியம், இன்றைக்கு இப்படியா வந்து மாட்ட வேண்டும்!

சத்யாவுக்கே பாவமாகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை, பதறாமல் பாருங்கள் அண்ணா என்று பக்கத்தில் வந்து குனிந்தாள்.

திரையை வெறித்தபடி, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் துளசிராமன் கேட்டார்:

"இதுல செவப்பு எதும்மா?"