சுந்தரேஸ்வரிக்கு மட்டும்

"போனைப் பெட்டியில போட்டுட்டுப் போங்க. ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான்."

தீப்பெட்டிக் கம்பெனி வாசலில் சூப்பர்வைசர் கார்த்திகேசன் மறித்துக்கொண்டு நின்றார்.

சீனித்தாய் போனை விடவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்து அன்றைக்கு மூன்றாம் நாள்.

"அண்ணாச்சி, எம்மவளுக்கு வலி வந்து விடியக்காலம் பெரியாஸ்பத்திரியில சேத்திருக்கு. தலைப்பிரசவம். கொடி சுத்திருக்குன்னு வேற சொல்லுதாவ. மருமகன் ஒத்தையில நிக்காரு. லீவு கேட்டா வேலைக்கே வராதன்னு சொல்லுதீங்க. போனையாவது விடுங்க. இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்."

"உள்ள தீக்குச்சி மருந்து கெடக்கும்மா, போன் இருந்தா பத்திக்கிடும். அவசரம்னா தகவல் வரும். போங்க, போங்க."

பெட்டியில் போனைப் போட்டுவிட்டு, முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டே உள்ளே போனாள்.

பண்டல் கட்டுகிற ஷெட் மருந்து அறைக்கு எட்டத்தில் இருந்தது. வாசலை ஒட்டி உட்கார்ந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள் சுந்தரேஸ்வரி. அவள் இடுப்பில் ஒரு போன் செருகியிருந்தது.

சீனித்தாய்க்கு உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

"இதென்னட்டி அநியாயம்! எம்போனுக்கு மருந்து பத்திக்கிடுமாம். ஒம்போனுக்குப் பத்தாதோ?"

சுந்தரேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு யக்கா இம்புட்டுக் கோவம்? வீட்டுல எதும் விசேஷமா?"

"எம்மவ பிரசவ வார்டுல உயிருக்குப் போராடுதா. ஒனக்கு விசேஷமா கேக்கு! இது என்னட்டி, சலுகையா, செல்லமா? இல்ல மொதலாளி வீட்டுக்குச் சொந்தமா? என்ன பேரு வச்சிருக்கீங்க இதுக்கு?"

பக்கத்தில் இருந்த மேரிராணி குறுக்கே வந்தாள். "யக்கா, செத்த பொறுங்க. அந்தப் போனு வந்து..."

"நீ வக்காலத்துக்கு வராத! நீங்கள்லாம் வாயப் பொத்திக்கிட்டு இருக்கப்போயிதான் ஒருத்தி மட்டும் மகாராணியா உக்காந்திருக்கா."

சுந்தரேஸ்வரி பசைக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. விறுவிறுவென்று கேட்டைப் பார்த்து நடந்தாள்.

"பாத்தியளா! நாம தண்ணி குடிக்கப் போகணும்னாலும் அண்ணாச்சி மூஞ்சியப் பாக்கணும். இவ நெனச்சா எந்திச்சுப் போறா, யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டுக்காவ!"

போனவள் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்; சீனித்தாய் முகத்தைத் திருப்பிக்கொள்ள, மறுபடியும் லேபிளை எடுத்தாள்.

சீனித்தாய் கட்டிய பண்டல் எல்லாம் கோணலாகவே வந்தது. கண்ணீரில் ஒட்டுகிற இடம் தெரியவில்லை. வாய் மட்டும் ஓயவில்லை.

டீ வருகிற நேரம். சுந்தரேஸ்வரியின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவள், "சொல்லுங்க... அப்படியா!" என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

சீனித்தாய்க்குப் பொறுக்கவில்லை. "இங்க ஒருத்தி உசுரக் கையில புடிச்சிக்கிட்டு இருக்கேன், வேலை நேரத்துல கொஞ்சிக் கொலவுதா. யாருட்டி அது, ஒன் புருசனா?"

ஷெட்டில் அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டார்கள்.

சுந்தரேஸ்வரி எழுந்து வந்து போனை நீட்டினாள். "உங்க மருமகன்."

"அத்தே! பொம்பளப்புள்ள பெறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காவ. நீங்க பதறாம வேலைய முடிச்சிட்டு வாங்க."

சீனித்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒனக்கு... அவரு நம்பரு எப்படி?"

"கேட்டுப் பெட்டிக்குள்ள உங்க போனு அடிச்சிக்கிட்டே கெடந்துச்சு யக்கா. அதை எடுத்துப் பேசி, இந்த நம்பரக் குடுத்துட்டு வந்தேன்."

"ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று மேரிராணி கண்ணை மூடித் திறந்தாள். "இங்கன வேலை பாக்க அத்தனை பேரு வீட்டுலயும் அந்த நம்பருதான் இருக்கு. எம்மவன் பள்ளிக்கூடத்துல மயங்கி விழுந்தப்ப இவதான் ஓடிவந்து சொன்னா. அதுக்குன்னே மொதலாளி ஒத்தப் போனுக்கு மட்டும் அனுமதி குடுத்திருக்காரு. நீங்க எங்க சொல்ல விட்டீங்க?"

சீனித்தாய் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அப்போதும் கோபம் முழுசாக இறங்கவில்லை.

"சரி, இருக்கட்டும். வருசக்கணக்கா வேலை பாக்க பெரிய பொம்பளையள் இம்புட்டுப் பேரு இருக்காவல்லா? அவியளயெல்லாம் விட்டுட்டு ஒங்கையில எதுக்குக் குடுத்தாரு?"

சுந்தரேஸ்வரி போனில் பட்டிருந்த கண்ணீரைத் துடைத்துவிட்டு, திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எனக்குன்னு போன் பண்ண யாரும் கெடையாதுல்லா யக்கா. லைன் எப்பவும் சும்மாதான் கெடக்கும்னு குடுத்தாரு."