அடைமழையில் ஆறு அறைகள்

"ஐப்பசி மழையில எவன் அம்முணி கடலைப் பாக்க வருவான்? மீனே கரையேறி வந்து குடை கேக்குது!"

சொல்லிவிட்டுப் பிரபாகர் தானே சிரித்துக்கொண்டான். கூட வந்த புரோக்கர் அன்பு, கமிஷன் வாங்கப் போகிறவர் எவ்வளவு சிரிக்க வேண்டுமோ அவ்வளவு சிரித்தார்.

தங்கை தனப்பிரியா மட்டும் சிரிக்கவில்லை. "உள்ள வாங்ணா, நனையாதீங்க" என்று துண்டை நீட்டினாள்.

தரங்கம்பாடிக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த ஆறு அறை வீடு. திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகள் வைத்திருந்த அவர்களுடைய அப்பா வாங்கிப் போட்டது. ஊர் ஊராகத் தண்ணீருக்குத் தோண்டியே ஆயுளைக் கழித்த மனுஷன், தோண்டாமலே இவ்வளவு தண்ணீர் கிடக்கிறதே என்று கடலைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டார். அவர் காலத்துக்குப் பிறகு வண்டிகளைப் பிரபாகர் எடுத்துக்கொண்டான். வீடு இருவருக்கும் பொது. தனப்பிரியா சேலத்தில் பார்த்த வேலையை உதறிவிட்டு இங்கேயே குடிவந்து, அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கத் தொடங்கினாள்.

கோடையில் கூட்டம் அள்ளும். ஐப்பசி பிறந்தால் போச்சு. தெரு முழுக்கப் பூட்டிய பங்களாக்கள், உப்புக் காற்றில் துருவேறிய கேட்டுகள். ஐஸ்கிரீம் கடைக்காரர்கூட ஷட்டரை இறக்கிவிட்டு மாமியார் வீட்டுக்குப் போய்விடுவார். ஆளில்லாத வீட்டை உப்பு தின்றுவிடும், விற்றுத் தொலைக்கலாம் என்று பிரபாகர் ஒற்றைக் காலில் நின்றான். அவளுக்கோ அதை விட்டால் வேறு போக்கிடமும் இல்லை, பிடித்த வேலையும் இல்லை.

ஆடியில் சொந்தபந்தம் எல்லோர் முன்னாலும் தனப்பிரியா ஒரு வார்த்தை கேட்டாள். "வர்ற ஐப்பசியில ஒரே ஒரு நாள் ஆறு ரூமும் நெறஞ்சா, விக்கற பேச்சை விட்டுப்போடறீங்களா? நெறையலைன்னா நானே கையெழுத்துப் போடறேன்."

திருச்செங்கோட்டு மலைக்கோயில் இருந்த திசையைக் கும்பிட்டுப் பிரபாகர் சத்தியமே செய்துவிட்டான். தோற்க வழியே இல்லாத பந்தயத்துக்குச் சத்தியம் சுலபமாக வரும்.

இன்று ஐப்பசியின் கடைசி ஞாயிறு. மழைக்கு வண்டிகளையெல்லாம் ஊரில் கொண்டுவந்து நிறுத்தியாகிவிட்டது, அவனுக்கும் வேலை இல்லை. விடியுமுன்னே காரை எடுத்துக்கொண்டு புரோக்கரோடு வந்து இறங்கிவிட்டான்.

நீளமான நடையில் ஆறு கதவுகளும் சாத்தியிருந்தன. மழைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

"வாசல்ல ஒரு காரைக் காணோம். எங்க அம்முணி உன்ற விருந்தாளிங்க?"

"தூங்கறாங்ணா."

"மணி பதினொண்ணு!"

"நேத்து ராத்திரிதான் பஸ்ல வந்து எறங்குனாங்க. அசதி, பாவம். மெதுவாப் பேசுங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாளே என்று பிரபாகருக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் இரக்கமும் வந்தது. "கையெழுத்தைப் போட்டுட்டு நம்மூருக்கே வந்துரு சாமி. அண்ணன் நான் பாத்துக்க மாட்டனா?" என்றான்.

அந்த நேரம் முதல் கதவு திறந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்த ஆளைப் பார்த்ததும் பிரபாகர் வாயைப் பிளந்தான். அவனுடைய வண்டியில் டிரில்லராக இருக்கும் மாதேஷ்! பின்னாலேயே கைக்குழந்தையோடு அவன் மனைவி.

"மொதலாளி! நீங்க எங்கீங்க இங்க?"

"அதை நான் கேக்கோணும்டா!"

"மழைக்கு வண்டி நின்னாத்தானுங்களே எங்களுக்கு லீவு? பத்து மாசம் ராப்பகலா ஓட்டிப்போட்டு இப்பத்தானுங்க பொண்டாட்டி புள்ள மொகத்தையே பாக்கறோம். உங்க தங்கச்சி, நம்ம சின்னம்மா போன் போட்டாங்க, கெளம்பிட்டமுங்க. கோடையில எங்களுக்கு ஏதுங்க கடலு?"

அடுத்தடுத்த கதவுகளும் திறந்தன. வண்டி மேனேஜர், டிரைவர், ஹெல்பர், வண்டியோடு போகும் சமையல்காரர் என்று அத்தனையும் பிரபாகரிடம் சம்பளம் வாங்குகிற முகங்கள், குடும்பம் குட்டியோடு. பிள்ளைகள் மழையென்றும் பாராமல் மணலுக்கு ஓடின.

"ஓசியில தங்க வெச்சிருக்கறயா?" என்று தங்கையை முறைத்தான் பிரபாகர்.

மாதேஷுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னுங்க இப்படிச் சொல்லிப்போட்டீங்க? மொத்தப் பணமும் குடுத்தாச்சுங்க. அடுத்த வருச மழைக்கும் இப்பவே சொல்லி வெச்சிருக்கறோம். மத்த வண்டிக்காரங்களும் கேட்டுக்கிட்டிருக்கறாங்க."

அன்பு சத்தமில்லாமல் குடையை விரித்துக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார்.

பிரபாகர் விடவில்லை. திறந்த கதவுகளை விரல் மடக்கி எண்ணினான். ஐந்துதான். போன உயிர் திரும்பி வந்தது.

"ஒண்ணு கொறையுது அம்முணி! பந்தயம்னா பந்தயம்தான்."

"அதுலயும் ஆள் இருக்குதுங்ணா" என்றாள் தனப்பிரியா. இப்போதுதான் முதன்முதலாகச் சிரித்தாள். "நீங்களே தட்டிப் பாருங்க."

தட்டினான். கதவு திறந்தது. அம்மா வீட்டுக்குப் போவதாக நேற்று அவனிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிய அவன் மனைவி ஜெயப்பிரியா, ஈரத் தலையைத் துவட்டியபடி நின்றாள்.

"வந்துட்டீங்களா? வண்டி நின்னாத்தானுங்க எனக்கும் புருசன்" என்றாள் அவள். "உள்ள வாங்க, ரெண்டு பேருக்குன்னு சொல்லித்தான் ரூம் போட்டிருக்கறேன்."