உங்கள் பகுதியில் கிடைக்காது

"என்ன கம்பெனிம்மா நடத்தறீங்க? வருஷச் சந்தாவை வாங்கிப் போட்டுக்கிட்டு, ஆட்டத்தைக் காட்ட மாட்டேன்னா என்ன அர்த்தம்?"

குரலைக் கேட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை சார்.

அந்த விளையாட்டு ஆப்பின் வாடிக்கையாளர் சேவையில் எல்லாருக்கும் அவரைத் தெரியும். மூன்று வாரமாக, சனிக்கிழமை சாயங்காலம் வெளிநாட்டுப் பெண்கள் கால்பந்து தொடங்கப் போகிறது என்றால் போதும், போன் போட்டு யாரையாவது வறுத்தெடுத்துவிடுவார். இன்றைக்கு அகப்பட்டது அவள்.

"சார், அந்த லீக்கை உங்க பகுதியில காட்ட எங்களுக்கு உரிமை இல்லை. வேற சேனல் வாங்கி வச்சிருக்கு."

"அதுல காட்டறாங்களா?"

"இல்ல சார். அவங்க ஆண்கள் ஆட்டம் மட்டும்தான் போடறாங்க."

"நல்ல நியாயம். நடுவுல சுவரைக் கட்டி வச்சு மனுஷனைத் தவிக்க விடறீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?"

பக்கத்து மேசைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சீக்கிரம் முடி என்று சூப்பர்வைசர் கையைச் சுழற்றினார்.

முடித்திருப்பாள்தான். என்னவோ, கேட்டுவிட்டாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. எத்தனையோ ஆட்டம் இருக்கு. உங்களுக்கு ஏன் இது மட்டும்?"



"எட்டாம் நம்பர் போட்டுக்கிட்டு ஒருத்தி ஆடறாளே, அவ என் பொண்ணு."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அட, முதல்லயே சொல்லக் கூடாதா சார்? ஆடறவங்க குடும்பத்துக்கு இந்தத் தடை கிடையாது. அவங்க உங்க நம்பரைக் கொடுத்தா போதும், எங்கே இருந்தாலும் பார்க்கலாம். ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"கேட்கற நிலைமையில இருந்தா உங்ககிட்ட ஏன் தொங்கறேன்? அவளுக்கு நல்ல வேலை பார்த்து வச்சிருந்தேன். அதை உதறிட்டு, பந்து உதைக்கப் போறேன்னு நின்னா. போனா அப்படியே போயிடுன்னேன். போயிட்டா. நாலு வருஷம் ஆச்சு. போன மாசம் பேப்பர்ல ஒரு ஓரமா படம் வந்திருந்தது. இளைச்சுப் போயிருக்கா."

"அதுக்கப்புறம் அவங்க பேசவே இல்லையா சார்?"

"அப்பன் நினைப்பு இருந்தா பேசியிருப்பா. ஒரு போன்கூட வந்ததில்லை. அவ்வளவு அழுத்தம்."

எதற்கும் இருக்கட்டும் என்று, அவருடைய எண்ணைக் குடும்பப் பட்டியலில் தட்டிப் பார்த்தாள். திரையில் வந்ததை இரண்டு தடவை படித்தாள்.

"சார், உங்க நம்பர் இதுல இருக்கு."

"எதுல?"

"குடும்பப் பட்டியல்ல. உறவு, அப்பான்னு போட்டிருக்கு. சேர்த்து நாலு வருஷம் ஆகுது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உங்களுக்கு லிங்க் அனுப்பியிருக்காங்க. இன்னிக்கும் அரை மணி நேரத்துக்கு முன்னாடி அனுப்பினதா காட்டுது."

"சும்மா சொல்லாதீங்கம்மா. எனக்கு ஒண்ணுமே வரலை."

"எங்க நம்பர்லேர்ந்து வராது சார். உங்க பொண்ணோட சொந்த நம்பர்லேர்ந்துதான் வரும்."

மறுமுனையில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. சூப்பர்வைசர் மறுபடியும் கையைச் சுழற்றினார். அவள் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள்.

"ஆட்டம் தொடங்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கும்மா?"

"பத்து நிமிஷம் இருக்கு சார்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இத்தனை வாரமாக எல்லாரையும் உலுக்கிய குரல், இப்போது காதை ஒட்டி வைத்தால்தான் கேட்டது.

"ஒரு நம்பரை நாமளே பிளாக் பண்ணி வச்சிருந்தோம்னா, அதை எப்படிம்மா எடுக்கறது?"