உமாபதி வேனில் ஏறாதவள்

"ஊரை விட்டு ஓடுறவளுக்கு நான் மாலை போடணுமா? என் கையால நடக்காது லா!"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உமாபதி ஆரம்பித்துவிட்டார்.

"உட்காருங்கண்ணே, தேத்தண்ணி கலக்கிக் கொண்டாறேன்" என்று நல்லம்மாள் அடுப்படிக்குப் போனாள்.

விஷயம் இதுதான். நல்லம்மாளின் மகள் ஷர்மினி ஒரு கருவி செய்திருந்தாள். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரம் உள்ளுக்குள் அழுகுவதை, ஓலை வாடுவதற்கு முன்பே அது சொல்லிவிடும். அதைப் பார்த்த ஆஸ்திரேலியாக்காரன், "உன்னை மாதிரி ஆள்தான் வேணும், நிரந்தரமாவே வந்து இரு" என்று பிஆர் விசா கொடுத்துவிட்டான். புக்கிட் பெலிம்பிங் தோட்டம் முழுக்க அதே பேச்சு. வெள்ளிக்கிழமை கோயிலில் அவளுக்கு மாலை போட வேண்டும் என்று எல்லாரும் சொல்ல, கோயில் தலைவர் உமாபதிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அவள் இன்னும் டிக்கெட் போடவில்லை என்று கேள்விப்பட்டு, தடுத்துவிடலாம் என்றே வந்திருந்தார்.

"ஏம்மா ஷர்மினி, நம்ம மரத்துக்குக் கருவி செஞ்சுட்டு அவன் ஊருக்கு ஏன் தூக்கிட்டுப் போற?"

"இங்க காட்டாத ஆபீஸ் இல்ல மாமா. 'நல்லாருக்கு, பார்க்கலாம்'னாங்க. இன்னும் பார்த்துக்கிட்டேதான் இருக்காங்க."

"பொறுக்கணும்மா! பொறந்த நாடாச்சே. அங்க போனா நீ யாரு? வெறும் பிஆர். வேலை செய்யலாம், வரி கட்டலாம். ஓட்டுப் போட முடியுமா? வீட்டுக்காரங்க பந்தியில உட்கார, நீ ஓரமா நிக்கணும். அவமானமா இருக்காது?"

அடுப்படியில் சீனி கலக்கிக்கொண்டிருந்த கரண்டிச் சத்தம் நின்றது.

ஷர்மினி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் என்னவோபோல் ஆகிவிட்டது.

"அம்மா... வேணாம்னு சொல்லிடட்டுமா?"

உமாபதிக்குத் தெம்பு வந்துவிட்டது.

"அப்படிச் சொல்லு! உன்மேல குத்தம் இல்லம்மா, உங்கம்மாவைச் சொல்லணும். ஒவ்வொரு எலெக்சனுக்கும் என் ஸ்கூல் வேனைக் கொண்டாந்து இந்த வாசல்ல நிறுத்தி ஹாரன் அடிக்கிறேன். ஈஜோக் வரைக்கும் போய், நடக்க முடியாத கிழவனைக்கூடத் தூக்கிப் போட்டுக்கிட்டு வர்றேன். உங்கம்மா ஒருநாள் ஏறியிருப்பாளா? 'நீங்க போயிட்டு வாங்கண்ணே, பிள்ளைங்க எங்கிட்ட இருக்கட்டும்'பா. தாய்க்கே நாட்டுப்பற்று இல்ல. மகளுக்கு எங்கேர்ந்து வரும்?"

"மாமா!" ஷர்மினி விருட்டென்று எழுந்தாள்.

தேத்தண்ணியோடு வந்த நல்லம்மாள் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். கிளாஸை உமாபதி முன்னால் வைத்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"ஏண்ணே, பிஆரா இருக்கிறது அவ்வளவு அவமானமா?"

"பின்ன?"

"இவ அதைக் கொஞ்ச வருஷம் தாங்கினா, அங்க குடியுரிமை கேட்கலாமாம். தாங்குவாண்ணே. என் மகதானே."

சொல்லிவிட்டுத் தன் இடது கையின் ஆள்காட்டி விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதுல என்னைக்காவது ஓட்டு மை பார்த்திருக்கீங்களா?"

உமாபதி குனிந்து அந்த விரலைப் பார்த்தார்.

"தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தவ நான். பொறப்பைப் பதியணும்னு எங்கப்பா ஆத்தாவுக்குத் தெரியல. எத்தனையோ தடவை ஆபீஸ் படி ஏறிட்டேன். குடிமக்களுக்குள்ள நீல அடையாள கார்டு கிடைக்கல, சிவப்பு ஐசிக்கு மேல தரமாட்டேன்னுட்டாங்க. நானும் பிஆர்தாண்ணே. ஆஸ்திரேலியாவுல இல்ல, நான் பொறந்து வளர்ந்து ரப்பர் பால் வெட்டின இந்த மண்ணுலயே."

உமாபதி எடுத்த கிளாஸை அப்படியே கீழே வைத்தார்.

"ஏன் தங்கச்சி... இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா ஐயோ பாவம்பீங்க. அது எனக்கு எதுக்கு? எனக்குத்தான் ஓட்டு இல்ல. கைப்பிள்ளைக்காரிங்க எல்லாம் போட்டுட்டு வரட்டுமேன்னு நெனச்சேன். உங்க சம்சாரம்கூட கைக்குழந்தையா இருந்த தனேஷை என் மடியில போட்டுட்டுத்தானே உங்க வேன்ல ஏறுச்சு? இல்லன்னா உங்க வேன் நெறைஞ்சிருக்குமா?"



நல்லம்மாள் மகளிடம் திரும்பினாள். "என்னடி பார்த்துக்கிட்டு இருக்கே? டிக்கெட்டைப் போடு!"

பிறகு உமாபதியிடம் சொன்னாள்:

"மாலையெல்லாம் வேணாம்ணே. இவ கிளம்புற அன்னைக்கு வேனைக் கொண்டாந்து ஹாரன் அடிங்க, நானும் ஏறிக்கிறேன். ஏர்போர்ட்டு வாசல் வரைக்கும் போக யாரும் நீல ஐசி கேட்க மாட்டாங்க."