டீனின் கையெழுத்து

கைபேசி அடித்ததும் டீனின் செயலாளர் பமீலா அதை மேசை நடுவில் வைத்து ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

எதிரே உட்கார்ந்திருந்த ஷாமினி பேச்சை நிறுத்தினாள். பல்கலைக்கழகத்தின் தகவல் பாதுகாப்பு அதிகாரி அவள். பமீலாதான் வரச்சொல்லியிருந்தாள். ஏன் என்று இன்னும் சொல்லவில்லை.

"பமீலா, நான் பகாவ்ல கல்யாணத்துல இருக்கேன். அந்த ஆராய்ச்சி ஒப்பந்தம் இன்னிக்கே போகணும். நீயே என் சைன் போட்டு அனுப்பிடு லா."

டீன் ரவிச்சந்திரனின் குரல். பின்னால் மேளம் கேட்டது.

"உங்க பின் நம்பர் மறந்துடுச்சு, டாக்டர்."

"இத்தன வருஷமா நீதானே போடுற! இப்ப என்ன மறதி?"

சலித்துக்கொண்டே எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

ஷாமினி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

பமீலா நன்றி சொல்லி அழைப்பைத் துண்டித்தாள். அந்தக் கல்யாணப் பத்திரிகை அவர் மேசைக்கு வந்த நாளிலிருந்தே அவள் இதற்காகக் காத்திருந்தாள். இத்தனை இனிக்கும் என்று நினைக்கவில்லை.

"அக்கா, அவரோட மின்கையெழுத்த இப்பவே முடக்கிடுவேன். விசாரணை வரும்," என்றாள் ஷாமினி. கொஞ்சம் தயங்கினாள். "ஆனா அவரு பேர்ல போட்டது நீங்க. உங்க வேலையும் போயிடும்."

"போகட்டும்."

"நீங்க போட்டதுன்னு உறுதியாத் தெரிஞ்ச கடிதம் ஒண்ணு வேணும்."

பமீலா தேடவில்லை. கணினித் திரையை ஷாமினி பக்கம் திருப்பினாள். ஏற்கெனவே திறந்துதான் வைத்திருந்தாள்.

கிளென் என்ற ஆய்வுக்கூட உதவியாளரின் பணிநீக்கக் கடிதம். காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஓர் அறிக்கை தாமதமாகக் கூடாதென்று தன் ரகசிய எண்ணைச் சக ஊழியரிடம் சொல்லியிருக்கிறான். அதுதான் குற்றம். கீழே டீனின் கையெழுத்து.

ஷாமினி அதை இரண்டு முறை படித்தாள்.

"பின் நம்பர வெளிய சொன்னதுக்கா வேலையிலிருந்து தூக்கினாரு? அதுக்கும் நீங்களா சைன் போட்டீங்க?"

"ஒரு கட்டு ஆவணத்தோட சேத்து அனுப்புனாரு. அவசரம், எல்லாத்துக்கும் போட்டுடுன்னாரு. நான் ஒண்ணையும் திறந்து பாக்கல." பமீலா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாக்க மாட்டேன்னு அவருக்குத் தெரியும்."

ஷாமினி தன் மடிக்கணினியைத் திறந்தாள். சில விசைகள். டீனின் பெயர் சாம்பல் நிறத்துக்கு மாறியது. இனி பகாவில் இருந்தாலும் சரி, இந்த அறையில் இருந்தாலும் சரி, அவரால் ஒரு விடுமுறைக் கடிதத்தில்கூடக் கையெழுத்துப் போட முடியாது.

"இந்த கிளென்கிட்டயும் பேசணும், அக்கா. யாரு போட்ட சைன்னு அவருக்குத் தெரியணும்ல. இப்ப எங்க இருக்காரு?"

"மந்தின் பக்கம் எஸ்டேட்ல செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டுறாரு."

"போன் நம்பர் இருக்கா?"

"நீ கூப்பிட வேணாம். நானே சொல்றேன். சாயங்காலம் வீட்டுக்குத்தான் வருவாரு."

ஷாமினி மெல்ல நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தக் கடிதம் அன்று கைபேசிக்கு வந்தபோது கிளென் சாப்பிட உட்கார்ந்திருந்தான். கடைசி வரி வரை படித்துவிட்டு, "இதுல கையெழுத்துப் போட்ட கை வெளங்காமப் போவட்டும்," என்றான்.

பமீலா அப்போது கணவன் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.